கொடிக்கால் சட்டம்

லுணுகலைச் சந்தையில் வெற்றிலை விற்ற ஸவாஹிராவுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். “நல்லதெல்லாம் மறந்து போகுது. எனக்கு ஒருத்தர் செஞ்சது மட்டும் போகாம நிக்கிது. அதுக்குப் பேரு ஞாபகம் இல்ல, வன்மம்,” என்று வெற்றிலையைக் கவுளி கட்டிக்கொண்டே சிரிப்பாள். சிரிப்பில் பொய் இருக்காது.

அவள் புருஷன் றஹீம் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கியவர். நமுனுகுலப் பக்கம் போய் மழையில் நனைந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவர் விட்டுப்போனது ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் முருக்க மரங்களில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால், கல்யாணம் பேசி முடித்திருந்த மகள் நளீரா. அவ்வளவுதான்.

புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்தாள் ஸவாஹிரா. இருந்தவளின் காதில் கொடிக்கால்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. மழை பொய்த்த வருஷம். கொடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. வெற்றிலை வாடினால் அடுப்பும் வாடும். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் விடியற்காலை சுபஹு தொழுதவுடன், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாளியுடன் பின்கதவால் இறங்கினாள். பிறகு தினமும் இறங்கினாள்.

பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதை மொஹிதீன் ஹாஜியார் பார்த்துவிட்டார். பஸாரில் கடை, பள்ளிவாசலில் டிரஸ்டி பதவி, ஊர் ஓரத்தில் ஆட்டுப்பட்டி என்று ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்த மனிதர். பார்த்தவர் பார்த்தபடி போயிருக்கலாம். பள்ளி விறாந்தையில் நாலு பேர் இருக்கும்போது வாயைத் திறந்தார்.

“மர்யம் அலைஹிஸ்ஸலாம் தொழுகை அறை மிஹ்ராபுக்குள்ளயே இருந்தாங்க. சாப்பாடு அங்கயே வந்திச்சு. பொம்பள அடங்கி இருக்கிறதுக்கு அதுதான் சட்டம். இங்க ஒருத்திக்கு இத்தாவில கொடிக்கால் கேக்குது. சுபஹோட அங்க யாரைப் பாக்கப் போறாளோ?”

முதல் பாதியை ஊர் மறந்துவிட்டது. கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டது. கேள்விதான் லேசான சாமான், யாரும் தூக்கிக்கொண்டு போகலாம், யாரும் பொறுப்பில்லை. அது பண்டாரவளை வரை போய், நளீராவுக்குப் பேசியிருந்த வீட்டில் இறங்கியது. அவர்கள் ஆள் அனுப்பி, மாப்பிள்ளைக்கு இப்போதைக்குக் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஸவாஹிரா அழவில்லை. “மர்யமுக்குச் சாப்பாடு அல்லாஹ் அனுப்பினான். எனக்கு மொஹிதீன் நானாவா அனுப்பினார்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட வாயே, கேட்ட இடத்திலேயே, அதைத் திருப்பி விழுங்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இத்தா முடிந்தது. கொஞ்சக் காலம் கழித்து நளீராவை அப்புத்தளையில் ஒரு தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தாள். நல்ல பையன். ஆனாலும் ஹாஜியார் எதிரே வந்தால் ஸவாஹிரா தெருவின் மறுபக்கம் போனாள். அவர் “எப்படித் தங்கச்சி?” என்று கேட்டால், “நீங்க வெச்சபடி,” என்பாள்.

அந்தச் சமயம் பள்ளிக்குப் புதிதாக ஜாபிர் மௌலவி வந்தார். சின்ன வயது, அரபுக் கல்லூரியில் ஓதி முடித்த சூடு ஆறாதவர். நோன்பு மாதத்தில் ஒரு வீட்டில் திரை கட்டிப் பெண்களுக்கு பயான் சொன்னார். ஒரு நாள் தாவூது நபியுடைய கதை வந்தது. ஒருத்தருடைய ஆடுகள் ராவோடு ராவாக இன்னொருத்தருடைய கொடித்தோட்டத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வழக்கு தாவூது நபியிடம் போனது. ஆடுகளைத் தோட்டக்காரனுக்கே கொடுத்துவிடு என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் நின்ற மகன் சுலைமான் நபி அதைவிட நல்ல தீர்ப்பு ஒன்று சொன்னார். ஆடு தோட்டக்காரனிடம் இருக்கட்டும், பாலை அவன் எடுத்துக்கொள்ளட்டும். ஆட்டுக்காரன் தோட்டத்தில் இறங்கிப் பாடுபடட்டும். தோட்டம் பழையபடி ஆனதும் அவரவர் சொத்து அவரவருக்கு.

திரைக்கு இந்தப் பக்கம் இருந்து ஸவாஹிரா கேட்டாள். “மௌலவி, பகல்ல மேஞ்சிருந்தா?”

“பகல்ல தோட்டத்தைக் காக்கிறது தோட்டக்காரன் பொறுப்பு, சாச்சி. ராவில ஆட்டைக் கட்டி வைக்கிறது ஆட்டுக்காரன் பொறுப்பு. வேதத்தில வாற சொல்லே ராவு மேய்ச்சலுக்கு உள்ள சொல்லுதான்.”

“ஓ,” என்றாள் ஸவாஹிரா. பக்கத்தில் இருந்த பெண்கள் கதையின் அழகை மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதில் ஒரு அழகும் தெரியவில்லை. ஹாஜியாருடைய பட்டி அவள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

வேலியில் அவள் கை வைக்கவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு அல்லாஹ் பயம் இருந்தது. ஆனால் இற்றுப்போன மூங்கிலை மாற்றவும் இல்லை. பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை பிடித்த, கடைகளில் பால்மாவைக் கண்ணால் காணக் கிடைக்காத அந்த எழுபதுகளில், ஒரு நாள் சுபஹுக்கு முந்திய இருட்டில், பட்டிக் கதவு சரியாகச் சாத்தப்படாமல் ஆடுகள் வெளியே வந்தன. கொடிக்காலில் சரசரவென்று சத்தம் கேட்டு ஸவாஹிரா பின்கதவைத் திறந்தாள். பார்த்தாள். விளக்குமாறை எடுத்தாள். எடுத்த விளக்குமாறைத் திரும்பச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

மேல் டிவிசன் லயத்திலிருந்து இராக்கம்மா தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு பீலிக்கு வந்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், விடியக் கொம்பு ஊதியதும் பெரட்டில் பேர் பதியப் போகிறவள், ஸவாஹிராவிடம் அன்றாடம் வெற்றிலை வாங்குகிறவள்.

“இராக்கம்மா, பெரட்டுக்குக் கொம்பு ஊதியாச்சா?”

“இன்னும் இல்லக்கா. என்னக்கா இது! ஆடு திங்குது, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“பள்ளியில பாங்கு சொல்லியாச்சா?”

“எனக்குக் கேக்கல. ஐயோ, வெரட்டுங்கக்கா!”

“கொஞ்சம் இரு.”

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?” என்று இராக்கம்மா குடத்தைக் கீழே வைத்தாள். கறுத்த கிடாய் ஒன்று முருக்க மரத்தில் முன்னங்காலை ஊன்றி ஆளுயரத்துக் கொடியை உருவி இழுத்தது. றஹீம் நட்ட கொடி. ஸவாஹிரா விளக்குமாறை ஒரு தரம் பார்த்தாள். பாங்குச் சத்தம் கேட்ட பிறகுதான் கூச்சல் போட்டாள். அந்தக் கூச்சல் பஸார் வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே பள்ளி விறாந்தையில் விசாரணை. டிரஸ்டிமார் கதிரைகளில் இருந்தார்கள். ஸவாஹிரா படிக்குக் கீழே, பக்கத்தில் இராக்கம்மா.

“விடிஞ்ச பொறகுதான் ஆடு வெளிய போயிருக்கும்,” என்றார் ஹாஜியார்.

“இல்லீங்க. கொம்பு ஊதறதுக்கு முந்தி நானே பாத்தேன்,” என்றாள் இராக்கம்மா. ஸவாஹிரா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

“சரி, நஷ்டத்தைத் தந்திடுறேன். கதை முடிஞ்சிது.”

“எனக்கு நஷ்டம் வேணாம். எனக்குச் சட்டம் வேணும். தாவூது நபி வீட்டில குடுத்த சட்டம்,” என்றாள் ஸவாஹிரா.

ஜாபிர் மௌலவி நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் சொன்ன பயான் இப்படித் திரும்பி வரும் என்று அவர் நினைக்கவில்லை. “சாச்சி, அது பனூ இஸ்ராயீல் கூட்டத்துடைய பழைய சட்டம். அந்தக் கதையை வெச்சு, அந்தக் காலத்தில அவங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திச்சுன்னு நாம சொல்லலாம். கதை அதுக்குச் சாட்சி. ஆனா அவங்கட சட்டம் நமக்குச் சட்டமாகாது. நம்மட மத்ஹப் சட்டத்தில நஷ்டத்தைக் குடுத்தாப் போதும்.”

“அவங்க நபிதானே?”

“நபிதான்.”

“கதை உண்மைதானே?”

“உண்மைதான். ஆனா...”

“அப்ப மர்யம்? அவங்களும் பனூ இஸ்ராயீல்தானே, மௌலவி? அவங்கட கதையை வெச்சு இதே விறாந்தையில எனக்குச் சட்டம் சொன்னாங்க. மிஹ்ராபை விட்டு அவங்க வெளிய வரல்ல, நான் கொடிக்காலுக்குப் போனது குத்தம்னு. அன்னிக்கு அந்தக் கதை என் தலையில சட்டமா விழுந்திச்சு. இன்னிக்கு ஆட்டுத் தலையில விழுறப்ப மட்டும் அது வெறுங்கதையா?”

மௌலவி கேட்டார், “யார் அப்படிச் சொன்னது?”

எல்லாக் கண்ணும் ஹாஜியாரிடம் போனது. அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மௌலவி சங்கடத்தோடு சொன்னார். “இத்தாவில உள்ளவ தேவைக்குப் பகல்ல தன்ட தோட்டத்துக்குப் போறதைத் தடுக்கேலா. ஹாஜியார், கதை சட்டமில்லன்னா நீங்க அன்னிக்குச் சொன்னது பிழை. சட்டம்னா ஆட்டைக் குடுக்கணும். ரெண்டில ஒண்டைச் சொல்லுங்க. ரெண்டு பேரும் பொருந்திக்கிட்டா எதுக்கும் நான் சாட்சி.”

ஸவாஹிரா ஹாஜியாருடைய வாயையே பார்த்தாள். சட்டத்தை மௌலவி திருப்பிக் கொடுத்துவிட்டார். வார்த்தை இன்னும் வரவில்லை. பிழை என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் ஆடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள்.

ஹாஜியார் அவளைப் பார்த்தார். டிரஸ்டிமாரைப் பார்த்தார். “ஆட்டைப் புடிச்சிக்க,” என்றார்.

தொங்கும் மடியோடு பெட்டைகள், குட்டிகள், கறுத்த கிடாய் என்று முழுப் பட்டியும் ஸவாஹிராவின் முற்றத்துக்கு வந்தது. பால்மா இல்லாத ஊரில் ஆட்டுப்பாலுக்குப் பெண்கள் போத்தலோடு வந்து நின்றார்கள். அவளுக்குப் பால் இனிக்கவில்லை. ஆட்டைக் கொடுத்தாவது பிழை என்ற அந்த வார்த்தையைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டான் மனிதன். அவ்வளவு விலை வைத்திருக்கிறானா அதற்கு! சரி, வாங்கித்தான் பார்ப்போம்.

மறுநாள் கொடிக்காலைக் கொத்த ஹாஜியார் மாரிசாமியை அனுப்பினார், தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டு வேலையில்லாமல் இருந்த ஆள். ஸவாஹிரா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். “கதையில கூலியாள் இல்லன்னு ஹாஜியார்கிட்டச் செல்லுங்க, அண்ணே. ஆட்டுக்காரனே இறங்கினான்.”

அவரும் இறங்கினார். கடை திறக்குமுன் முடிக்க வேண்டும், யாரும் பார்க்கவும் கூடாது. ஆகவே சுபஹு தொழுத கையோடு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினார். யாரும் பார்க்கக்கூடாது என்று வந்தவரை லயமே பார்த்தது. அந்தப் பாதையால்தான் பெரட்டுக்குப் போவார்கள்.

“என்னங்க நானா, பேர் பதிஞ்சாச்சா?” என்று இராக்கம்மா கூடையோடு நின்று கேட்பாள். “ஒங்களுக்கு எந்தக் கங்காணி? அரைப்பேர்னு பாதிக் கூலி போட்டுறப் போறாங்க, வெரசாத் தூக்குங்க!”

பின்னால் வரும் பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். ஹாஜியார் குனிந்தபடி அடுத்த வாளியைத் தூக்குவார். ஸவாஹிரா கதவடியில் இருந்து பால் கறந்துகொண்டே கேட்பாள். அது நல்ல சத்தமாக இருந்தது அவளுக்கு.

புதுக் கொடி பிடித்தது. மனிதர் ஆத்திரத்தில் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தானே. தளிர் மரத்தில் ஏறத் தொடங்கியது. இப்படியே போனால் சீக்கிரம் மௌலவி வந்து பார்த்து, பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லிவிடுவார். ஆடு போகும், ஆளும் போவார், வார்த்தை அவரிடமே இருக்கும். இதை யோசித்த அன்று பின்னேரம் ஸவாஹிரா கொடிக்காலுக்குள் போய், கொழுந்து பறிக்கிற பெண்கள் மாதிரியே கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, ஏறி வந்த நுனிகளை டக்டக்கென்று கிள்ளினாள். நுனி போன கொடி நின்ற இடத்திலேயே நிற்கும். கிள்ளும்போது அவளுக்கே வலித்தது. பிள்ளையின் விரலைத் திருகுவது போல. ஆனாலும் ஒரு மரத்தையும் விடவில்லை. கிள்ளியதை ஆட்டுக்குப் போட்டாள்.

மௌலவி வந்து பார்த்தார். “முந்தி என்ன உயரம், சாச்சி?”

“ஆளுயரம். மேலயும் இருக்கும்.”

“இது இடுப்பளவுதானே நிக்கிது.”

“ஹாஜியார்ட கை ராசி அப்படி,” என்றாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வருஷா வருஷம் தன் பட்டியிலிருந்து குர்பான் கொடுக்கிற ஹாஜியார் அந்த வருஷம் வெளியூருக்குப் போய்க் கிடாய் தேடினார். கறுத்த கிடாய் ஸவாஹிராவின் முற்றத்தில் நின்று கத்தியது. பெருநாள் முடிந்து மழை வந்தது, மழை போனது. ஆள் இன்னும் சுபஹோடு வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஊர் பேச ஆரம்பித்தது. ஸவாஹிரா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேவை இருக்கவில்லை. பாணுக்கு வரிசையில் நின்ற ஒருத்தி, “ஹாஜியாருக்கு அந்தக் கொடிக்கால்ல இன்னுமா வேலை முடியல்ல?” என்றாள். அடுத்தவள், “வேலையா? கொடி ஏறவே இல்லையாம், ஆள் மட்டும் தவறாமப் போறாராம்,” என்றாள். மூன்றாவது ஆள் கேள்வியாக்கினாள். கேள்வி ஹாஜியாருடைய வீட்டுக்குள் போய், அவர் மனைவி முஹ்ஸினாவின் காதில் ஏறியது. முஹ்ஸினா புருஷனுக்குச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு உம்மா வீட்டுக்குப் போகப் பெட்டியைக் கட்டினாள்.

மறுநாள் ஹாஜியார் வந்தபோது தண்ணீர் தூக்கவில்லை. வெறும் வாளியோடு மரத்தடியில் நின்றார்.

“ஸவாஹிரா, ஊர் ஒரு மாதிரிக் கதைக்கிது.”

“எப்படி?”

“நான் சுபஹோட இங்க...”

“இங்க?”

அவர் வாளியின் பிடியைத் திருகினார். ஸவாஹிரா கறந்த பாலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் தவித்தது.

“இங்க யாரைப் பாக்க வாறேன்னு கேக்காங்க,” என்றார் ஹாஜியார்.

“நீங்க என்ன செல்லினீங்க?”

“தண்ணி ஊத்தத்தான் போறேன்னு செல்றேன். நம்புறாங்க இல்ல.”

“நம்ப மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

“நீ ஒரு வார்த்தை செல்லு. முஹ்ஸினா ஒன்ட வாயால கேக்கணும்கிறா.”

“நான் செல்லி என்ன பிரயோசனம்? நான் இத்தாவில கொடிக்காலுக்குப் போனவ. யாரைப் பாக்கப் போனேன்னு இன்னும் தெரியாதே. அது தெரிஞ்சாத்தானே என்ட பேச்சுக்கு மதிப்பு.”

ஹாஜியார் வாளியைப் பார்த்தார். “நான் என்ன செய்யணும்?”

“எனக்கிட்ட ஒண்டும் செல்ல வேணாம். எங்க கேட்டீங்களோ அங்க செல்லுங்க.”

“எனக்கு ஏலா. நான் டிரஸ்டி.”

“அப்ப ஊத்துங்க. அந்தக் கடைசி மரம் காயுது.”

ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரத்தில், மிம்பர் மேடைக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, கொஞ்சம் இருங்க என்றாராம். சுபஹோடு கொடிக்காலுக்குப் போகிறவர் தண்ணீர் ஊற்றத்தான் போகிறார், வேறு ஒன்றுக்கும் இல்லை என்றாராம். தானும் அப்படித்தான், றஹீமுடைய பொஞ்சாதியும் அன்றைக்கு அப்படித்தான் என்றாராம். அவள் மேல் தான் கேட்ட கேள்வி பிழை, பாவம், அதற்குத் தௌபா செய்து மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லும்போது குரல் உடைந்ததாம். ஜாபிர் மௌலவியே வீட்டு வாசலுக்கு வந்து ஸவாஹிராவிடம் இவ்வளவையும் சொன்னார்.

“இன்னொரு தரம் செல்லுங்க, மௌலவி.”

அவர் இன்னொரு தரம் சொன்னார்.

அந்திக்கு ஹாஜியார் வந்தார். “செல்லிட்டேன்.”

“கேள்விப்பட்டேன்.”

“நீ முஹ்ஸினாகிட்ட...”

“செல்றேன். அடுத்த ஜும்ஆ வரட்டும்.”

“அடுத்த ஜும்ஆவா? அவ பெட்டி கட்டி வெச்சிட்டு இருக்கிறா, ஸவாஹிரா!”

“என்ட புள்ள கல்யாணப் பெட்டியை எத்தனை ஜும்ஆ கட்டி வெச்சிட்டு இருந்தா?”

இடையில் நளீரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்புத்தளையிலிருந்து வந்தாள். ஊரெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். “விடுங்க உம்மா. அவர்தான் செல்லிட்டாரே. எனக்கும் நல்ல இடம் கெடைச்சிட்டு. இப்ப அது யாருக்கு வேணும்?”

“ஒனக்கில்ல புள்ள. எனக்கு,” என்று பேரனுக்கு ஆட்டுப்பால் புகட்டினாள் ஸவாஹிரா.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை விட்டு ஆண்கள் பஸாருக்குள் இறங்கிய நேரம், ஸவாஹிரா முழுப் பட்டியையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவால் வந்தாள். அவள் முற்றத்தில் பிறந்த குட்டிகளும் கூடவே வந்தன. சம்பள நாள் சாமானுக்கு இறங்கியிருந்த லயத்துச் சனம் ஒதுங்கி வழிவிட்டது. ஹாஜியாருடைய கடைக்கு மேலே வீடு. யன்னலில் முஹ்ஸினா நின்றாள்.

“முஹ்ஸினா மதினி!” என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். “ஒங்கட மாப்பிள்ளை ஹாஜியார் எங்கட கொடிக்காலுக்குத் தண்ணி ஊத்தத்தான் வந்தார். அல்லாஹ் மேல ஆணை. வேற ஒண்டுக்கும் வரல்ல.”

யன்னல் சாத்தப்படவில்லை. அதுவே பதில். தெருவில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள்.

ஹாஜியார் கடையை விட்டு இறங்கி வந்து கயிறுகளை வாங்கினார். ஆள் இளைத்திருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. கறுத்த கிடாய் அவரை முட்டித் தள்ளிவிட்டு ஸவாஹிரா பக்கமே இழுத்தது.

“போன ஜும்ஆவிலேர்ந்து ஒரு கிழமையா எனக்குச் சோறு எறங்கல்ல, ஸவாஹிரா,” என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“நல்லம்,” என்றாள் ஸவாஹிரா.